நூற்று இருபத்தெட்டுப் பக்கங்கள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு தினமும் சண்டை போடுகிறது. நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. போனில் கேட்டால் நாலு தடவை "ம்" சொல்லிவிட்டு அண்ணியிடம் கொடுத்துவிடுகிறாய். மின்னஞ்சலைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துத் தலைமுழுகிவிட்டாய். ஆகவே கடிதம். ஒரு முழுத்தாளில் "ம்" என்று மட்டும் எழுதி அஞ்சல்தலை ஒட்ட உனக்கே வெட்கமாக இருக்கும்.

சங்கதி இதுதான். வாஷிங் மெஷினுக்கும் மின்விசிறிக்கும் விளக்கப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த உன் தங்கைக்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது. நீ ஒரே நாளில் உதறிவிட்டு வந்தாயே, அதே நிறுவனத்தில்! ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்று, நாடித்துடிப்பைப் பச்சைக் கோடாகக் காட்டி, ஏதாவது ஏறுமாறாக ஆனால் கத்துமே ஒரு கருவி, அதன் கெர்னலுக்கு ஆவணம் எழுத வேண்டும். கெர்னல் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். "உள்ள நிறைய நிரல் வேலை செய்யுதும்மா. யாருக்கு எவ்வளவு மெமரி, எப்போ கொடுக்கணும், எப்போ பிடுங்கணும்னு பார்க்கிற மேஸ்திரி அது" என்றேன். "அப்போ அதுக்கு நல்ல பேரே கிடைக்காது" என்றாள்.

எனக்கு வந்திருப்பது அந்த மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி. திறந்து பார்த்தால் முக்கால்வாசி நீ எழுதியது. ஒரு வரி எழுதி, அதற்கு ஒன்பது வரி விளக்கம் எழுதியிருக்கிறாய். பேசவேண்டியதையெல்லாம் அங்கே பேசித் தீர்த்துவிட்டாய் போலிருக்கிறது.

எங்கள் தலைவருக்கு அலுவலகத்தில் பட்டப்பெயர் கத்தரி. ஒவ்வொரு விதிக்கும் ஒரு தாள், அதில் மூன்று கட்டம் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, அது தேவை என்று எப்படித் தெரிந்தது. ஜூன் முப்பதுக்குள் மூன்று கட்டமும் நிரம்பாத விதியை வெட்டி எறிந்துவிடுவார். "காரணம் தெரியாத வரியும், எந்தப் பூட்டுக்குன்னு தெரியாத சாவியும் ஒண்ணு. சும்மா கனம்" என்பார்.

முதல் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். கருவியில் இருப்பதைவிட அதிகமாக மெமரி தருவதாக உன் கெர்னல் எல்லா நிரலுக்கும் வாக்குக் கொடுக்கிறதே, இது பொய் இல்லையா?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


ஜனவரி 27

அன்புள்ள தொணதொணப்புக்கு,

நாங்கள் இருவரும் நலம். விவரமாக எழுதச் சொன்னாய்: எனக்கு எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது, உன் அண்ணிக்குக் கோபம் அதே அளவு கூடியிருக்கிறது. அம்மாவுக்குக் கீழ்த்தள அறையைக் கொடு. முழங்காலிடம் வாதாடி யாரும் ஜெயித்ததில்லை.

கடையில் வேலை முதுகை முறிக்கிறது. படங்களுக்குச் சட்டம் போடுகிறவனுக்கு எதிரி, வீட்டிலேயே அளந்துகொண்டு வருகிற வாடிக்கையாளர்தான்.

அந்த நிறுவனமா என்று முதலில் திக்கென்றது. சரி, வேலை வேலைதான். உன் கேள்விக்கு வருகிறேன். அது பொய் இல்லை. நிரல்கள் கேட்பது மலையளவு, தொடுவது கடுகளவு. அதனால் கேட்கும்போது கெர்னல் "சரி" என்று தலையை மட்டும் ஆட்டும். மெமரியைப் பக்கம் பக்கமாகத்தான் எண்ணுவோம். நிரல் ஒரு பக்கத்தை உண்மையில் தொடும் அந்தக் கணத்தில்தான் இடம் ஒதுக்கும். ஐந்நூறு பேரை விருந்துக்கு அழைத்துவிட்டு முந்நூறு பேருக்குச் சமைப்பதில்லையா, அப்படி.

ஐந்நூறு பேரும் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பாய். அதற்கும் விதி இருக்கிறது. நீயே தேடிக் கண்டுபிடி, உனக்கு அதுதானே பிடிக்கும்.

ஒரு வேண்டுகோள். ஆவணத்தில் என் பெயரை எங்கும் போடாதே.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டாள், இப்போது தெருவில் யார் போனாலும் விசாரணை நடக்கிறது. உன் இரண்டு கிலோவைக் குறை, அண்ணியின் கோபமும் குறையும்.

தேடினேன், கண்டுபிடித்தேன்! என் மேசையில் சோதனைக்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். மெமரியை விழுங்குவதைத் தவிர வேறு வேலை தெரியாத ஒரு நிரலை எழுதி, அதற்குத் தின்னிப்பண்டாரம் என்று பெயர் வைத்து உள்ளே விட்டேன். முதலில் கெர்னல் பொறுமையாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது. பிறகு, நெடுநேரம் யாரும் தொடாத பக்கங்களைப் பிடுங்கித் துடைத்துக் கொடுத்தது. அதுவும் தீர்ந்ததும், எல்லா நிரலுக்கும் மதிப்பெண் போட்டு, அதிகம் தின்று குறைவாக வேலை செய்கிறவனாகப் பார்த்துக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. அபாய ஒலி எழுப்பும் நிரலை மட்டும் எந்த நிலையிலும் தள்ளக்கூடாது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது உன்மேல் ஒரு மரியாதை வந்தது. இதை வெளியே சொல்லிவிடாதே.

இனிமேல்தான் சந்தேகம். தின்னிப்பண்டாரம் எவ்வளவு முட்டினாலும் கடைசி நூற்று இருபத்தெட்டுப் பக்கங்களைக் கெர்னல் யாருக்கும் தருவதில்லை. அபாய ஒலிக்கும் இல்லை. பூட்டி வைத்திருக்கிறது. ஏன்? ஏன் நூற்று இருபத்தெட்டு?

உன் தொணதொணப்பு


பிப்ரவரி 28

அன்புத் தங்கைக்கு,

இருவரும் நலம். அம்மா தெருவை விசாரிப்பது நல்ல அறிகுறி. மாத்திரையை நேரத்துக்குக் கொடு.

அந்தப் பக்கங்கள் ஏன் என்று கேட்டாய். பழைய பக்கங்களைத் துடைத்து இடம் உண்டாக்குவதும் ஒரு வேலைதான். எதைத் துடைத்தோம், எது யாருடையது என்று குறித்துக்கொள்ள அந்த வேலைக்கும் கொஞ்சம் மெமரி வேண்டும். சாமான் அடைத்த அறையை ஒழுங்குபடுத்த முதலில் நிற்க ஓரடி இடம் வேண்டாமா? அந்த ஓரடியையும் யாருக்காவது கொடுத்துவிட்டால், இடம் உண்டாக்கவே இடம் இல்லாமல் கெர்னல் நின்றுவிடும். அதனால்தான் பூட்டி வைப்பது. இதை "ஏன்" என்ற கட்டத்தில் எழுதிக்கொள்.

கடையில் ஒருவர் தன் பல்செட்டைச் சட்டம் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். மேலும் கேட்கவில்லை, எனக்கு உன் புத்தி கிடையாது.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 10

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். பல்செட் விஷயத்தில் காரணம் கேட்காமல் விட்டதற்கு உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ரெண்டு கேட்டியே, ஒண்ணுக்குத்தானே சொல்லியிருக்கான்? சின்ன வயசுலயும் இப்படித்தான். கண்ணாடி எப்படி உடைஞ்சதுன்னு கேட்டா, எங்க உடைஞ்சதுன்னு மட்டும் சொல்லுவான்" என்றாள். ஏன் பூட்டி வைக்கிறோம் என்று சொன்னாய். ஏன் நூற்று இருபத்தெட்டு என்று சொல்லவில்லை.

துடைக்கிற வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று நானே அளந்து பார்த்தேன். அறுபத்து நான்கு போதும். பூட்டிய பக்கங்களைப் பாதியாக்கிவிட்டுத் தின்னிப்பண்டாரத்தை நானூறு முறை விட்டுப் பார்த்தேன். ஒரு முறைகூடக் கருவி திணறவில்லை. கத்தரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாதி சும்மா கிடக்குதா? வெட்டிடலாம். முப்பதாம் தேதி வரைக்கும் பார்க்கிறேன், அவ்வளவுதான்" என்றார். ஜூன் முப்பது.

பழைய மாற்றக் குறிப்புகளையும் புரட்டினேன். நீ முதலில் எழுதியதும் அறுபத்து நான்குதான். ஒன்பது வருடத்துக்கு முன், ஓர் அக்டோபரில், நூற்று இருபத்தெட்டு ஆக்கியிருக்கிறாய். ஒரு காற்புள்ளியை நகர்த்தினாலும் அரைப்பக்கம் காரணம் எழுதுகிறவன், இதற்கு மட்டும் குறிப்பை வெறுமையாக விட்டிருக்கிறாய். நீ வேலையை விட்டதும் அதே வாரம்.

என்ன நடந்தது அண்ணா?

தங்கை


ஏப்ரல் 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. அத்தைக்கு என் வணக்கம். உன் அண்ணன் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. ஒரு மாதமாகப் பதில் வரவில்லையே என்று நீ தவிப்பாய் என்பதால் நானே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து மனிதர் சரியாக இல்லை. நாலு முறை எழுத உட்கார்ந்தார், நாலு முறையும் கிழித்தார். கடையில் ஒரே வாரத்தில் மூன்று கண்ணாடிகளைக் குறுக்கே வெட்டிவிட்டார். "என்னங்க ஆச்சு?" என்றால், "அளவு தப்பிடுச்சு" என்கிறார். மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிறவருக்கு ஒரு விரல்கடை தப்புமா?

நீ கேட்டிருந்த அந்த அக்டோபர் எனக்கு நினைவிருக்கிறது. ஒருநாள் ஏதோ ஆஸ்பத்திரிக்குக் கருவி பார்க்கப் போய்விட்டு வந்தார். நன்றாகத்தான் இருந்தார். மூன்று நாள் கழித்து அலுவலகத்திலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து வேலை வேண்டாம் என்றார். நான் கேட்டேன். சலித்துப்போய்விட்டது என்றார். நம்பாமல் நம்பினேன், வேறென்ன செய்வது.

எனக்குச் சொல்லாததை உனக்காவது சொல்லட்டும். விடாதே, கேட்டுக்கொண்டே இரு.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணா,

அம்மாவும் நானும் சுகம். அண்ணியிடம் இருந்து கடிதம் வந்தது, அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நீ எழுத வேண்டாம், இப்போதைக்குப் படித்தால் போதும்.

என் மேசைக் கருவிக்கு இரண்டு ப்ராசசர், அம்மா பாஷையில் இரண்டு மூளை. அதில் ஒன்றை எப்போதும் தூங்க வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க ஓடினால் சூடாகிறதாம், சோதனைக்கு ஒன்றே போதுமாம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். உன் காலத்திலிருந்தே அப்படித்தான் என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் கருவிகளில் இரண்டும் விழித்திருக்கும். சரி, நாமும் எழுப்பிப் பார்ப்போமே என்று எழுப்பினேன். பூட்டிய பக்கங்கள் அறுபத்து நான்கு. தின்னிப்பண்டாரத்தை விட்டேன்.

மூன்றாவது முறையில் நின்றுவிட்டது. திரையில் கடைசித் துடிப்பின் பச்சைக் கோடு அப்படியே இருந்தது. துடிப்பைக் காட்டும் முனையைக் கழற்றினேன். கத்த வேண்டும் இல்லையா? கத்தவில்லை. சரியாகப் பதினோரு நிமிடம் கழித்து, உள்ளே இருக்கும் காவல் நிரல் விழித்து ஒரு ப்ராசசரைத் தட்டிவிட்டதும், ஒன்றுமே நடக்காததுபோல் ஓட ஆரம்பித்தது.

உட்கார்ந்து யோசித்ததில் புரிந்தது. இரண்டு ப்ராசசரும் ஒரே நேரத்தில் துடைக்கக் கிளம்பியிருக்கின்றன. பூட்டிய அறுபத்து நான்கில் ஆளுக்குப் பாதியைப் பிடித்துக்கொண்டு, மீதிக்காக ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றுவிட்டன. அபாய ஒலிக்கு ஒரு பக்கம் தேவைப்பட்டது, அதுவும் வரிசையில் நின்றது. பதிவேட்டைத் திறந்தேன். அந்தப் பதினோரு நிமிடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதி வைக்கவும் மெமரி வேண்டுமே. நூற்று இருபத்தெட்டு வைத்தால் இரண்டுக்கும் முழுசாகக் கிடைக்கிறது, நிற்பதே இல்லை.

கண்டுபிடித்தபோது நாற்காலியை விட்டுத் துள்ளினேன். அப்புறம்தான் உறைத்தது. நீங்கள் சோதித்ததும் ஒற்றை ப்ராசசரில். அலுவலகத்தில் உனக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை. அண்ணா, இது எங்கே நின்றது?

தங்கை


மே 19

அன்புத் தங்கைக்கு,

நலம் என்று எழுதப் பழகிய கை, இன்று எழுதவில்லை.

நீ கண்டுபிடித்தது அத்தனையும் சரி. எனக்கு மூன்று நாள் ஆனது, உனக்கு ஒரு சாயங்காலம். கெட்டிக்காரி.

ஓர் ஆஸ்பத்திரியில், பிற்பகல் இரண்டு பத்துக்கு நின்றது. அறுவை முடிந்து படுத்திருந்த ஒரு லாரி ஓட்டுநரின் கட்டில். அவருக்கு மூச்சு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது, கருவி பழைய கோட்டையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் பார்க்க வந்த ஒரு பெண்மணி அவர் உதடு நீலமாவதைப் பார்த்துக் கத்தினார். பிழைத்துவிட்டார். இரண்டு வாரத்தில் நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஒலி ஏன் வரவில்லை என்று விசாரணை நடந்தது. நிறுவனத்தின் சார்பில் கருவியைப் பார்க்கப் போனவன் நான். பதிவேடு சுத்தமாக இருந்தது. கருவி ஓடிக்கொண்டிருந்தது. "கருவியில் பழுதில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கருவியில் பழுதில்லை என்றால் மனுஷர்மேல்தானே வரும்? ஆறு கட்டிலுக்கு ஒரே ஒரு நர்ஸ். சத்தத்தை அணைத்தாயா என்று கேட்டார்கள். "வேற கட்டில்ல அணைச்சேன். இதுல அணைக்கலைன்னுதான் நினைக்கிறேன்" என்றார். நினைக்கிறேன் என்ற அந்தச் சொல்லை அதிகாரி அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

மூன்றாம் நாள் மேசையில் எனக்கு விளங்கியது. அதற்குள் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் எண்ணை மாற்றினேன். சாதாரணத் திருத்தம் என்று எல்லாக் கருவிக்கும் அனுப்பினேன். குறிப்பு எழுதப் போனேன், உண்மையை எழுதக் கை வரவில்லை, பொய்யும் எழுத வரவில்லை. வெறுமையாக விட்டுவிட்டு வந்துவிட்டேன். முதலில் பயந்துகொண்டு சொல்லவில்லை. அப்புறம் இவ்வளவு நாள் சொல்லாததற்கு வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

நேற்று உன் அண்ணியிடம் சொன்னேன். இதுவரை ஒன்றும் பேசவில்லை.

நூற்று இருபத்தெட்டை வெட்டவிடாதே. உன் சோதனையில் தெரிந்ததாக எழுதிக்கொள், அதுவும் உண்மைதானே. அது போதும்.

அண்ணன்


மே 28

அண்ணா,

அம்மா நலம். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

இரண்டு நாள் உன்மேல் இருந்த கோபத்தில் பேனாவைத் தொடவில்லை. இப்போதும் குறைந்துவிட்டதாக நினைக்காதே.

நீ சொல்வதுபோல் எழுதலாம். "எப்படித் தெரிந்தது" என்ற கட்டத்தில் "சோதனையில்" என்று ஒரு சொல். கத்தரி கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்த எண் பிழைத்துவிடும், எந்தக் கட்டிலிலும் கருவி நிற்காது. கருவிக்கு இனி உன் தயவு தேவையில்லை. அந்த நர்ஸுக்குத்தான் தேவை. அவர் பெயரில் ஒரு பழி ஏதோ ஓர் அலமாரியில் ஒன்பது வருடமாக இருக்கிறது, அதன் அடியில் உன் கையெழுத்து இருக்கிறது. "அது போதும்" என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வயிறு எரிகிறது. கெட்டவனாக இருந்தால் கழுதை எப்படியோ போகட்டும் என்று விட்டிருப்பேன்.

அந்த மூன்றாவது கட்டத்தை நான் இன்னும் நிரப்பவில்லை. ஜூன் முப்பது வரைக்கும் அது உனக்காகக் காத்திருக்கும். முப்பதாம் தேதி காலை வரை உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், நானே எழுதுவேன். முழுசாக எழுதுவேன். அண்ணன் என்று பார்க்க மாட்டேன்.

அண்ணியைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஜூன் 21

அன்புத் தங்கைக்கு,

இங்கே உடம்புக்கு யாருக்கும் குறையில்லை. உன் அண்ணி நேற்றுப் பேசினாள். "எழுதிட்டீங்களா?" என்ற ஒரே கேள்வி. எழுதிவிட்டேன் என்றேன். வாங்கிப் படித்துவிட்டு, ஓர் இடத்தில் சுற்றி வளைத்திருக்கிறேன் என்று திருப்பிக் கொடுத்தாள். திருத்தி எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு படி அந்த ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறது. என் பெயரைப் போட்டுக்கொள்.

அம்மாவிடம் நானே சொல்கிறேன். வரும் ஞாயிறு போன் செய்வேன், "ம்" சொல்லி வைக்க மாட்டேன்.

அண்ணன்

(இணைப்பு)

எப்படித் தெரிந்தது: ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அக்டோபரில், ஓர் ஆஸ்பத்திரியில் இந்தக் கருவி பிற்பகல் 2.10 முதல் 2.21 வரை நின்றுபோனது. அபாய ஒலி எழவில்லை. பூட்டிய பக்கங்களை நான் ஒரு ப்ராசசருக்கு மட்டும் கணக்கிட்டதே காரணம். கருவியைச் சோதித்துப் பழுதில்லை என்று எழுதியவனும் நான். அது தவறு. தவறு என்று மூன்றாம் நாளே எனக்குத் தெரியும். எண்ணைத் திருத்தினேன், யாரிடமும் சொல்லவில்லை. அன்று பணியில் இருந்த செவிலியர் அந்தக் கட்டிலில் எந்த விசையையும் அணைக்கவில்லை. அவர்மேல் எந்தத் தவறும் இல்லை.


ஜூலை 3

அன்புள்ள அண்ணா,

நலம்தான் எல்லோரும். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு அம்மா, "அந்தப் பொண்ணுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாளே" என்றாள். உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன்.

உன் தாளைக் கத்தரியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். "மூணு கட்டமும் நிரம்பியிருக்கு. இதை இனி யாரும் வெட்ட முடியாது" என்றார். அப்புறம் சட்டப் பிரிவைக் கூப்பிட்டார். உன்னை அழைத்து விசாரிப்பார்களாம். கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும், தயாராக இரு. தூங்க வைத்திருந்த ப்ராசசரை எல்லாச் சோதனைக் கருவியிலும் எழுப்பச் சொல்லிவிட்டார்.

ஆவணம் அச்சாகிவிட்டது. நாற்பத்தோராம் பக்கம் உன்னுடையது. இரண்டு படி அனுப்பியிருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்ததா?

அன்புடன்,
தங்கை


ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் நலம். சட்டப் பிரிவு இரண்டு நாள் என்னைத் துவைத்துக் காயப்போட்டது. அது கிடக்கட்டும்.

அவரைக் கண்டுபிடித்தேன். அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் வேலை செய்யும் ஓர் ஆயாம்மாதான் வழி சொன்னார். இன்று இரண்டு பஸ் மாறிப் போனேன். துணி தேய்த்துக் கொடுக்கும் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். நான் யார் என்று சொல்லி, பேசவேண்டும் என்றேன். உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "கருவி பார்க்க வந்தவர்தானே?" என்றார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து விசையை அணைத்தார். இரண்டடி நடந்து, திரும்பிப் போய் அணைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். வாசல் வரை வந்து மறுபடியும் போய்ப் பார்த்தார். உள்ளே இருந்த முதலாளியம்மா சிரித்தார். "தினமும் இப்படித்தாங்க. வீட்டுக்குப் போய்ட்டும் திரும்பி வந்து பார்ப்பா" என்றார்.

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். முடித்ததும், "அப்போ நான் அணைக்கலையா?" என்றார்.

"இல்லைங்க. நீங்க எதையும் அணைக்கல."

"எனக்கு ஞாபகமே இல்லைங்க. அணைச்ச ஞாபகமும் இல்ல, அணைக்காத ஞாபகமும் இல்ல. மெஷின் சரியா இருக்குன்னு படிச்சவர் நீங்க எழுதிட்டீங்க. அப்போ நான்தான் அணைச்சிருப்பேன்னு நானும் நம்பிட்டேன். ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தேன்னு ஒன்பது வருஷமா நம்பிட்டு இருக்கேன்."

தங்கையே, அவர் என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். வேலை போனதைச் சொல்வார், கஷ்டத்தைச் சொல்வார் என்று நினைத்தேன். அவரே தன்னைக் குற்றவாளி என்று நம்பியிருப்பார் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. தான் குற்றமற்றவர் என்பதாவது அவருக்குத் தெரியும் என்ற ஆறுதலில்தான் நான் இத்தனை வருடம் சோறு தின்றிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். "மூணாவது நாளே தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அப்போ நான் ஆஸ்பத்திரிக்குப் பின்னாடித் தெருவுலதான் இருந்தேன்" என்றார்.

நாற்பத்தோராம் பக்கத்தைக் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "நீங்க படிங்க" என்றார். படிக்க ஆரம்பித்தேன். "இப்படி இல்ல. உள்ள வந்து, சத்தமா படிங்க" என்றார்.

உள்ளே போனேன். முதலாளியம்மா, மடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், துணி வாங்க வந்த ஒருவர், எல்லோரும் பார்த்தார்கள். என் பெயரிலிருந்து தொடங்கிச் சத்தமாகப் படித்தேன். மூன்றாம் நாளே எனக்குத் தெரியும் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவர் காத்திருந்தார். தண்ணீர் கொடுக்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நான் மறுபடியும் தொடங்கி முடித்தேன். அந்தச் செவிலியர் நான்தான் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, "கடைசி ரெண்டு வரியை இன்னொரு தடவை" என்றார். படித்தேன்.

பிறகு தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "என்னைப் பத்தி எழுதின பழைய தாள் ஒண்ணு ஆஸ்பத்திரியில இருக்கு. நாளைக்கு அதை எடுக்கச் சொல்லப் போறேன். நீங்களும் வரணும்" என்றார். வருகிறேன் என்றேன். "வந்து, அங்கயும் நீங்கதான் படிக்கணும்."

பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். நான் ஒன்பதுக்கே போய் நிற்பேன்.

அண்ணன்